கியர் எண்ணெயும் டிஃபரென்ஷல் எண்ணெயும்: வீட்டுப் போர்ச்சிலேயே மாற்ற ஒரு முழு வழிகாட்டி

பிளக்கைக் கழற்றினால் பழைய எண்ணெய் தானாக இறங்கிவிடும். அதற்குப் பெரிய கைத்தேர்ச்சி ஒன்றும் வேண்டாம். எந்த எண்ணெயை ஊற்றினோம், எவ்வளவு ஊற்றினோம், அந்த அளவை எந்தச் சூட்டில் பார்த்தோம் என்ற மூன்றில் ஒன்று பிசகினால்தான் கியர்பாக்ஸ் கெடுகிறது. அதனால் கழற்றுவதைச் சுருக்கமாகவும் அளப்பதை விரிவாகவும் இங்கே எழுதியிருக்கிறோம்.

"வாழ்நாள் எண்ணெய், மாற்றவே வேண்டாம்" என்று சில கார்களுக்குச் சொல்வார்கள். குளிர்நாட்டு நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு அது ஓரளவு பொருந்தலாம். மலேசியாவில் காலையில் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலிலும் மாலையில் பினாங்குப் பாலத்து வரிசையிலும் நின்று நின்று நகரும் காருக்கு, விடுமுறைக்குக் கெந்திங் மேடு ஏறும் காருக்கு, அது பொருந்தாது. கியர் எண்ணெயைக் கொல்வது சூடு. 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பட்டறைகளில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. நம் ஊர் ஓட்டத்துக்கு ஆட்டோ, சிவிடி (பல் கியருக்குப் பதில் பட்டையும் புல்லியும் ஓடும் ஆட்டோ வகை) இரண்டிலும் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நியாயமான இடைவெளி. மேனுவல் கியருக்கும், எஞ்சின் சுழற்சியை இடது வலது சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷலுக்கும் 40,000 முதல் 60,000 வரை விடலாம். காரோடு வந்த கையேட்டுப் புத்தகம் இதைவிடக் குறைவாகச் சொன்னால் புத்தகத்தையே கேளுங்கள்.

முதலில், உங்கள் காருக்கு அடியில் எத்தனை பெட்டி?

மைவி, சாகா, வியோஸ், சிட்டி போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் டிஃபரென்ஷல் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் ஒரே எண்ணெயைக் குடிக்கின்றன. இந்தக் கார்களுக்குத் தனியாக டிஃபரென்ஷல் எண்ணெய் வாங்க வேண்டியதில்லை.

அருஸ், பழைய அவான்சா, ஹைலக்ஸ் போன்றவை பின்சக்கர இழுவை. பின் அச்சின் நடுவே பூசணிக்காய் போலப் புடைத்திருப்பதுதான் டிஃபரென்ஷல். அதற்குத் தனி எண்ணெய். நான்கு சக்கர இழுவை ஹைலக்ஸ் என்றால் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன் பின் அச்சுகளுக்குப் பிரிப்பது), முன் டிஃபரென்ஷல், பின் டிஃபரென்ஷல் என்று நான்கு பெட்டி. ஒன்றை மறந்தாலும் வேலை பாதிதான்.

இரண்டு வகைக் காரை வீட்டில் தொட வேண்டாம். புரோட்டான் எக்ஸ்50 போன்ற இரட்டை கிளட்ச் கியர்களுக்கு மாற்றும் முறையே வேறு. கணினி இல்லாமல் சரியாக முடிக்க முடியாது. உத்தரவாதம் முடியாத கார் இன்னொன்று. சேவைப் பதிவில் ஓர் இடைவெளி விழுந்தால், பின்னால் கியர்பாக்ஸ் பழுதாகும்போது வாதாட வேண்டியது நீங்கள்தான்.

எண்ணெய் வாங்கும் இடத்தில்தான் பாதி வேலை

செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் "எல்லா ஆட்டோவுக்கும் இது போதும்" என்று ஒரே டின்னை எடுத்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள். புத்தகத்தில் எழுதியிருக்கும் பெயரைத் தாளில் குறித்துக்கொண்டு போய், டின்னின் பின்புறம் அதே பெயர் இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள்.

டொயோட்டாவின் டி-IV எண்ணெயும் டபிள்யூஎஸ் எண்ணெயும் வேறு வேறு. டபிள்யூஎஸ் இன்னும் மெல்லியது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றக் கூடாது. மிட்சுபிஷி வழி வந்த வீரா, வாஜா ஆட்டோ கியர்களுக்கு எஸ்பி-III. ஹோண்டாவின் அண்மைய சிவிடிகளுக்கு எச்சிஎஃப்-2. நிசான் சிவிடியில் என்எஸ்-2 கேட்கும் காரும் உண்டு, என்எஸ்-3 கேட்கும் காரும் உண்டு.

சிவிடியில் தவறான எண்ணெய் ஊற்றினால் ஏன் உடனே கெடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதற்குள் இரும்புப் பட்டை ஒன்று இரண்டு புல்லிகளுக்கு இடையே நசுக்கிப் பிடிக்கப்பட்டு ஓடுகிறது. இரும்போடு இரும்பு உரசாமலும், அதே நேரத்தில் வழுக்காமலும் அந்த எண்ணெய் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண ஏடிஎஃப்பில் (ஆட்டோ கியர் எண்ணெயில்) அந்தப் பிடிப்பு இல்லை. பட்டை வழுக்கிப் புல்லியின் முகத்தில் கோடு விழுந்துவிட்டால், பிறகு எத்தனை முறை நல்ல எண்ணெய் மாற்றினாலும் கோடு போகாது. அட்டிவாவிலும் 2021-க்குப் பிந்தைய மைவியிலும் உள்ள டி-சிவிடிக்கும் பெரோடுவா குறிப்பிடும் எண்ணெயைத் தவிர வேறு வேண்டாம்.

மேனுவல் கியருக்குப் பொதுவாக ஜிஎல்-4, டிஃபரென்ஷலுக்கு ஜிஎல்-5; இவை கியர் எண்ணெயின் தரக் குறியீடுகள். டின்னில் இரண்டுமே 75டபிள்யூ-90 என்ற ஒரே கெட்டித்தன்மை எண்ணோடு இருக்கலாம். ஆனால் அவை ஒன்றல்ல. டிஃபரென்ஷலில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கியபடி கடிப்பதால் அழுத்தம் மிக அதிகம். அதைத் தாங்க ஜிஎல்-5-இல் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மம் ஜிஎல்-4-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்க்கிறார்கள். மேனுவல் கியர்பாக்ஸில், கியர் மாறும்போது வேகத்தைச் சமன்படுத்தும் சிங்க்ரோ வளையங்கள் பித்தளை. அந்தக் கந்தகம் பித்தளையை மெல்ல அரிக்கும். வளையத்துக்கு வேண்டிய உராய்வையும் கெடுக்கும். சில மாதத்தில் இரண்டாம் கியர் கரகரக்கும். மாற்றிப்போட்டு டிஃபரென்ஷலில் ஜிஎல்-4 ஊற்றினால் பற்கள் தேய்ந்து ஊளையிடத் தொடங்கும்.

எவ்வளவு வாங்குவது? சிறிய காரின் மேனுவல் கியருக்கு ஏறக்குறைய 2 லிட்டர். நான்கு கியர் ஆட்டோவில் ஒருமுறை இறக்கி ஊற்ற 3 முதல் 3.5 லிட்டர், 4 லிட்டர் கையில் இருக்கட்டும். டிஃபரென்ஷலுக்குக் காரைப் பொறுத்து மாறும். பெரிய ஹைலக்ஸ் அச்சுக்கு 4 லிட்டர்வரை வேண்டியிருக்கும். எண்ணெயோடு பிளக் வாஷர்களையும் வாங்குங்கள். அலுமினியமோ செம்போ, அது ஒருமுறை நசுங்கி அடைக்கத்தான் செய்யப்பட்டது. சில்லறைக் காசுக்கு வாங்கும் வாஷரை மிச்சம் பிடித்து, பிறகு போர்ச்செல்லாம் எண்ணெய்ப் பொட்டு வைத்துக்கொள்ளாதீர்கள்.

போர்ச் சமதளம் இல்லை

நம் தாமான் வீடுகளின் போர்ச் மழைத்தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று கேட்டை நோக்கிச் சரித்துத்தான் கட்டப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய் மட்டத்துக்குத் தெரியும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தலைமுறை மைவியின் முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர், அதாவது ஒரு முனை மற்றதைவிட 5 சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது. இந்த நிலையில் துளை வழியும்வரை ஊற்றினால் கிடைக்கும் அளவு சரியான அளவாக இருக்காது.

கதவுக்குக் கீழே உள்ள படிவிளிம்பில் ரசமட்டத்தை வையுங்கள். கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியும் போதும். நான்கு ஜேக் ஸ்டாண்டில் ஏற்றும்போது தாழ்ந்த பக்கத்தை அந்த வித்தியாசத்துக்கு உயர்த்தி, குமிழி நடுவில் நிற்கும்படி செய்யுங்கள்.

ஓடு பதித்த போர்ச் என்றால் ஸ்டாண்டின் கால் ஓட்டை உடைக்கும். எண்ணெய் பட்டால் வழுக்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஓரடிச் சதுரமாக வெட்டி ஒவ்வொரு காலுக்கும் கீழே போடுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிய நொடியில் அது பயனற்றது. தூக்குவதற்கு முன்பே முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்துவிட வேண்டும். ஜேக்கை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள், ஒரு நிமிட வேலையானாலும். ஸ்டாண்டில் ஏற்றியபின் காரைத் தோளால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால், இறக்கி மறுபடியும் ஏற்றுங்கள்.

அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் நிர்வாகம் இதைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. தாமானில் இருக்கும் உறவினர் வீட்டுப் போர்ச்சைக் கேளுங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். மதிய மழைக்கு முன் முடியும் என்பதோடு, அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, கீழே வரும்.

எந்தப் பிளக் எது?

வீட்டில் நடக்கும் விபத்துகளில் மிக மோசமானது இது: எஞ்சின் எண்ணெய் மாற்றப் போனவர் கியர்பாக்ஸ் பிளக்கைத் திறந்துவிடுகிறார். எண்ணெய் இறங்குகிறது. மூடிவிட்டு எஞ்சினில் புதிய எண்ணெய் ஊற்றுகிறார். இப்போது எஞ்சினில் இரண்டு மடங்கு எண்ணெய், கியர்பாக்ஸில் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். கார் கேட்டைத் தாண்டும்போதே பிடிப்பு விட்டுப்போகும்.

எஞ்சின் எண்ணெய்ப் பிளக் பொதுவாக ஸ்பானரால் கழற்றும் தலை. டொயோட்டா ஆட்டோ கியர்களில் பலவற்றின் பிளக்குக்கு உள்ளே 10 மில்லிமீட்டர் அறுகோணக் குழி இருக்கும். ஆலன் சாவி வேண்டும். ஹோண்டாவில் எட்டில் மூன்று அங்குலச் சதுரக் குழி; ராட்செட்டின் முனையே நேராகப் பொருந்தும். பிளக்கைச் சற்றுத் தளர்த்தி வரும் முதல் துளியை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். பல ஏடிஎஃப்கள் புதிதில் சிவப்பு, பழையதில் செம்பழுப்பு. சில சிவிடி எண்ணெய்கள் பச்சை அல்லது வெளிர் மஞ்சள். கன்னங்கரேலென்று வந்தால் உடனே இறுக்கிவிட்டு, எந்தப் பெட்டிக்குக் கீழே படுத்திருக்கிறீர்கள் என்று மறுபடி பாருங்கள்.

மேனுவல் கியர், டிஃபரென்ஷல் இரண்டுக்கும் மாறாத விதி: ஊற்றும் பிளக்கை முதலில் திறங்கள். பத்து வருடம் தொடாத பிளக் துருப்பிடித்து உட்கார்ந்திருக்கலாம். கீழ்ப் பிளக்கைத் திறந்து எல்லாவற்றையும் இறக்கிய பிறகு மேல்ப் பிளக் திறக்கவில்லை என்றால், எண்ணெயில்லாத காரோடு இழுவை வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

டிப்ஸ்டிக் உள்ள ஆட்டோ கியர்

எண்ணெய் அளவு பார்க்க உருவி எடுக்கும் கம்பிதான் டிப்ஸ்டிக். முதல் தலைமுறை வியோஸ், பழைய மைவி போன்றவை இந்த வகை. பழக ஏற்றவை.

ஐந்து நிமிடம் ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்குங்கள். நெடுந்தூரம் ஓடி வந்த உடனே திறக்காதீர்கள். 80 டிகிரி எண்ணெய் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடும். எண்ணெய் இறங்கும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். புதிய எண்ணெய் உள்ளே போகும்வரை யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதை அகலத் தட்டில் பிடித்து, ஆறியபின் அளவு குறித்த பாத்திரத்தில் ஊற்றி அளந்து எழுதுங்கள். ஆறியபின் என்பது முக்கியம். 50 டிகிரி வித்தியாசத்தில் 3 லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 100 மில்லி ஊதிக் காட்டும். மினரல் வாட்டர் போத்தலில் சூடாக ஊற்றினால் போத்தலே சுருங்கிவிடும்.

கீழ்த் தட்டைக் கழற்ற வேண்டுமா? பழைய வரலாறு தெரியாத காரில் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. வடிகட்டி உள்ளேதான் இருக்கிறது, காந்தங்களும் தட்டின் அடியில்தான். காந்தத்தில் ஒட்டியிருப்பதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்துத் தேயுங்கள். கண்மை போலச் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று பரவினால் அது இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு மூடலாம். மணல் போல நறநறத்தால், அல்லது வெளிச்சத்தில் செதில் மின்னினால், உள்ளே ஏதோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கு தெரிந்தால் புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) தேய்கிறது. இந்த இரண்டுக்கும் எண்ணெய் மருந்தில்லை. திரும்ப மாட்டும்போது தட்டின் சிறு போல்ட்டுகளை 7, 8 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்காதீர்கள். ராட்செட்டின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பும் பலம் அவ்வளவுதான். அதிகம் இறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கி, அதுவே ஒழுகும் வழியாகும்.

ஊற்றும் முறை:

1. புதிய வாஷரோடு கீழ்ப் பிளக்கைக் கையாலேயே நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. கழற்றி மறுபடி தொடங்குங்கள். கூடு அலுமினியம், பிளக் இரும்பு. தோற்பது எப்போதும் அலுமினியம்தான். கடைசி இறுக்கம் உங்கள் காரின் கையேடு சொல்லும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு.

2. இறங்கிய அளவைவிட 200 மில்லி குறைவாக, டிப்ஸ்டிக் குழாய் வழியே நீளக் கழுத்துப் புனலில் ஊற்றுங்கள். புனலில் தூசி கூடாது. துடைக்கும் துணியும் நூல் உதிராததாக இருக்கட்டும்; ஒரு நூல் வால்வுப் பெட்டியில் மாட்டினாலே கியர் தடுமாறும்.

3. எஞ்சினை இயக்குங்கள். பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து எல் வரை ஒவ்வொன்றிலும் ஐந்து நொடி நிறுத்தி, திரும்ப பி-க்கு வாருங்கள்.

4. காரை இறக்கி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி அளவு பாருங்கள். பெட்ரோல் நிலையத்தில் டயருக்குக் காற்றடிக்கும் இடம் பெரும்பாலும் சமமாக இருக்கும்.

அளவு பார்க்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. பலர் சறுக்குவது இங்கேதான். டொயோட்டாவில் எஞ்சின் ஓடியபடி, பி-யில், எண்ணெய் 70 முதல் 80 டிகிரியில் இருக்கும்போது, டிப்ஸ்டிக்கின் சூட்டுக் குறிக்குள். மிட்சுபிஷி வழிக் கியர்களில் எஞ்சின் ஓடியபடி, என்-இல். ஹோண்டாவின் பழைய ஆட்டோக்களில் எஞ்சினை அணைத்து, ஒன்று முதல் ஒன்றரை நிமிடத்துக்குள். ஒன்றின் முறையில் மற்றதைப் பார்த்தால் அரை லிட்டர்வரைகூடத் தவறும். குறைந்தால் 100 மில்லி, 100 மில்லியாகச் சேருங்கள்.

மேல் குறியைத் தாண்டினால் "கொஞ்சம் கூடத்தானே" என்று விடாதீர்கள். சுழலும் பற்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும், நுரையில் காற்று, காற்றை அழுத்தினால் பம்பின் அழுத்தம் கிளட்ச்சுக்குப் போய்ச் சேராது. கூடினாலும் கியர் வழுக்கும், குறைந்தாலும் வழுக்கும். குறைந்ததன் அடையாளம் வளைவில் தெரியும்: பாலிக் புலாவ் மலைப்பாதை போன்ற இடத்தில் திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, ஒரு கணம் எஞ்சின் மட்டும் சீறும்.

ஒருமுறை இறக்கினால் எல்லா எண்ணெயும் வருவதில்லை. எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியே கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் குளிரூட்டிக் குழாய்களிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். மொத்தம் 6.5 லிட்டரில் 3 லிட்டர் மாற்றினால் உள்ளே புதியது 46 விழுக்காடு. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி இரண்டாம் முறை மாற்றினால் 71. மூன்றாம் முறை 84. நெடுநாள் மாற்றாத காருக்கு இந்தத் தவணை முறைதான் எங்கள் பரிந்துரை. அழுத்த இயந்திரத்தில் கழுவுவதை அத்தகைய காருக்குப் பரிந்துரைக்க மாட்டோம். அடியில் படிந்த வண்டலைக் கிளப்பி வால்வுகளுக்குள் தள்ளும் அபாயம் உண்டு. "மாற்றிய மறுநாளே கியர் போய்விட்டது" என்று கேள்விப்படும் கதைகளில் பெரும்பாலும் கியர் ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்திருக்கும். கடைசி முயற்சியாகத்தான் எண்ணெய் மாற்றியிருப்பார்கள்.

டிப்ஸ்டிக் இல்லாதவை, சிவிடி

இவற்றில் எண்ணெய் வழிந்து நிற்கும் துளைதான் அளவுகோல். சமதளத்தில் ஸ்டாண்டில் நிற்கும் காரில், அளவுத் துளை வழியும்வரை ஊற்றி மூடுங்கள். எஞ்சினை இயக்கிக் கியர்களை ஒரு சுற்று மாற்றுங்கள். எண்ணெய் குறிப்பிட்ட வெப்பத்தை எட்டும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே, அளவுப் பிளக்கைத் திறக்க வேண்டும். அதிகமானது தாரையாக வந்து, பிறகு மெலிந்து சொட்டாகும். சொட்டானதும் மூடுங்கள். ஒரு துளியும் வராவிட்டால் குறைவு; ஊற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

அந்த வெப்பம் டொயோட்டாவின் இவ்வகைக் கியர்கள் பலவற்றில் 35 முதல் 45 டிகிரி. இதனால்தான் காலை ஏழு மணி. கோலாலம்பூரின் மதிய வெயிலில் நிற்கும் காரின் எண்ணெய் எஞ்சினை இயக்கும் முன்பே 33, 34 டிகிரியில் இருக்கும். நீங்கள் கியர்களை மாற்றிப் பார்த்துவிட்டு அடியில் படுப்பதற்குள் அந்த இடைவெளி தாண்டிவிடும். இரவு முழுக்க நின்ற கார் காலையில் 26, 27-இல் தொடங்கும். நிதானமாகச் செய்ய நேரம் கிடைக்கும். தாண்டிவிட்டால் அவசரப்பட்டு மூடாதீர்கள். 6.5 லிட்டர் எண்ணெய் 40-லிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 200 மில்லி விரியும். சூட்டில் மட்டம் பிடித்தால் ஆறியபின் அந்த 200 மில்லி குறைவாக இருக்கும். வெப்பத்தை, காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஓபிடி கருவியில் பார்ப்பது சிறந்தது. அது இல்லாவிட்டால் அகச்சிவப்பு வெப்பமானியைக் கீழ்த் தட்டில் பிடியுங்கள். புகைப்போக்கியின் சூட்டுக்கு நேரே வேண்டாம்.

நிசான் சிவிடிகளில் எண்ணெயின் தேய்மானத்தைக் கணினி எண்ணி வைத்திருக்கும். மாற்றிய பின் ஸ்கேனரால் அதைப் பூஜ்யமாக்க வேண்டும்.

மேனுவல் கியர்

இங்கே சொல்ல அதிகமில்லை. ஊற்றும் பிளக்கைத் திற, பிறகு கீழ்ப் பிளக், இறக்கு, மூடு, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு நனையும்வரை ஊற்று. சுண்டுவிரலைத் துளைக்குள் மடக்கினால் எண்ணெய் விளிம்போடு நிற்க வேண்டும். பழைய வியோஸ் மேனுவலில் இரண்டு பிளக்கும் 24 மில்லிமீட்டர், இறுக்கம் 39 நியூட்டன் மீட்டர், எண்ணெய் 1.9 லிட்டர். ஊற்றும் துளைக்குக் கை எட்டாத காரில், காரின் முன் பானெட்டைத் திறந்து மேலிருந்து ஒரு மீட்டர் நீளக் குழாயைப் புனலோடு துளைக்கு இறக்குங்கள். டின்னை அரைமணி நேரம் வெயிலில் வைத்திருந்தால் எண்ணெய் இளகித் தானாக இறங்கும்.

பின் டிஃபரென்ஷல்

ஹைலக்ஸ், அருஸ் இரண்டும் உயரமானவை. பெரும்பாலானவர்கள் தூக்காமலே அடியில் நுழைந்துவிடலாம். சக்கரம் தரையில் இருப்பதால் பாதுகாப்பும் கூடுதல். அதனால் இந்த வேலைக்குச் சரிவில்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினால் போதும்.

இந்த எண்ணெய் கெட்டி. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து இறக்குங்கள். பிளக்கைச் சுற்றி உள்ள சேற்றைக் கம்பித் தூரிகையால் துடைத்து, ஊற்றும் பிளக்கைத் திறந்து, பிறகு கீழ்ப் பிளக்கைத் திறங்கள். ஹைலக்ஸில் பொதுவாக 24 மில்லிமீட்டர். சிலவற்றில் 10 மில்லிமீட்டர் ஆலன். கீழ்ப் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் குஞ்சம் போல இரும்புத்தூள் நிற்கும், அது இயல்பு. பல் நுனி ஒன்று ஒட்டியிருந்தால் இயல்பில்லை. முட்டை அழுகிய வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அது ஜிஎல்-5-இன் கந்தக வாடை. புதிய டின்னிலும் அதுவே வரும்.

பால் கலந்த தே தாரிக் நிறத்தில் எண்ணெய் இறங்கினால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அச்சின் மேல் ஒரு சிறு மூச்சுக்குழாய் உண்டு. ஓடிச் சூடான அச்சு வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, அந்தக் குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சுகிறது. 2017 நவம்பரில் பினாங்கிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலாமிலும் வந்த வெள்ளங்களில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. பழைய வண்டி வாங்கியவர்கள் அது எங்கே இருந்தது என்று அறியாவிட்டாலும் இந்தப் பிளக்கைத் திறந்து பார்த்துவிடலாம். தண்ணீர் கண்டால், புதிய எண்ணெய் ஊற்றி ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி மறுபடி இறக்குங்கள். தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். ஆட்டோ கியருக்குள் தண்ணீர் போனால் கதை வேறு. கிளட்ச் தட்டுகளில் ஒட்டிய காகித அடுக்கு ஊறிப் பெயர்ந்துவிடும். எண்ணெய் மாற்றினாலும் தப்புவது அரிது.

மூச்சுக்குழாயின் மூடி சுழல்கிறதா, சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் அச்சு முனையின் சீலைத் தள்ளிக்கொண்டு பின் பிரேக்குக்குள் கசியும்.

துளை வழியும்வரை ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். கெட்டி எண்ணெய் அச்சுக் குழாய்களுக்குள் மெதுவாகத்தான் பரவும். முதல் வழிதலை நம்பி மூடினால் குறைந்துவிடும். ஹைலக்ஸ் பின் அச்சில் இறுக்கம் 49 நியூட்டன் மீட்டர். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் எல்எஸ்டி வகை டிஃபரென்ஷல் என்றால், டின்னில் எல்எஸ்டிக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெதுவாகத் திரும்பும்போது பின்புறம் அதிர்ந்து உறுமும்.

பழைய எண்ணெயும் மறுநாள் காலையும்

மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தர (அட்டவணைக் கழிவு) விதிமுறைகளின்படி பயன்படுத்திய மசகு எண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் அட்டவணையிட்ட கழிவு. வீட்டு முன் கால்வாயில் ஊற்றுவது கிள்ளான் ஆற்றிலோ பினாங்கு ஆற்றிலோ ஊற்றுவதுதான். அதை எந்தச் சாக்கும் நியாயப்படுத்தாது. புதிய எண்ணெய் வந்த டின்களிலேயே பழையதை நிரப்பி, உங்கள் வட்டாரப் பட்டறையில் கொடுங்கள். கழிவு எண்ணெய் சேகரிப்பவர்கள் அங்கே வந்து எடுத்துப் போகிறார்கள். பெட்ரோலோ தின்னரோ அதில் கலக்காதீர்கள். கலந்ததை வாங்க மாட்டார்கள்.

தேதி, ஓடிய கிலோமீட்டர், எண்ணெயின் முழுப் பெயர், இறங்கியது எவ்வளவு, ஊற்றியது எவ்வளவு: இந்த ஐந்தையும் சேவைப் புத்தகத்தில் எழுதுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் முந்தைய நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல் இரண்டு வாரம் முன்பே முடியுங்கள். மாற்றிய இரவு காருக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து, சக்கரங்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் அட்டையில் பொட்டு இருந்தால், குறியை வைத்து அது எந்தப் பிளக்குக்கு நேர் கீழே விழுந்தது என்று பாருங்கள். வாஷரைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்கம் இருக்கிறதா என்று சரிபார்த்து, துடைத்துவிட்டு, இன்னோர் இரவு அட்டையை விரியுங்கள். இறுக்கம் சரியாக இருந்தும் சொட்டினால் மேலும் முறுக்காமல் வாஷரை மாற்றுங்கள்.